கேள்வி பதில்: தாங்ரெக் மலைமுகட்டில் ஒரு கோடு

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் 2025இல் நடந்த போரைப் பற்றி வந்த கடிதங்கள் மிகுதியாக இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தங்கநகை விலை பற்றியும் பல்வலி பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். இவ்விடைகள் 2026 ஜனவரி முதல் வாரத்தில் எழுதப்பட்டவை.

கேள்வி: இரண்டும் தேரவாத பௌத்த நாடுகள். ஆனால் அவை சண்டையிடுவது சிவன் கோயில்களுக்காக என்கிறார்கள். இது உண்மையா? அக்கோயில்கள் யாருக்கு உரியவை?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தட்டோன்)

பாதி உண்மை, ஐயா. கோயில்கள் நிற்கும் மலைமுகட்டின்மேல் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதுதான் வழக்கு. கோயில் இல்லாத காட்டிலும் இதே வழக்கு இருக்கிறது; ஆனால் வெறுங்காட்டுக்காகக் கொடி பிடிக்க ஊர் திரளாது.

இரு நாடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 817 கிலோமீட்டர் நில எல்லை உண்டு. அதன் வடபகுதியில் கிழக்குமேற்காக நீண்டு கிடக்கும் தாங்ரெக் மலைத்தொடர், தாய்லாந்துப் பக்கம் மெல்லிய சரிவாகவும் கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறையாகவும் அமைந்தது. அந்தப் பாறையின் விளிம்பில், சுமார் 525 மீட்டர் உயரத்தில், பிரே விகார் கோயில் இருக்கிறது. சிகரேஸ்வரர் என்ற பெயரில் சிவபெருமானுக்கு எடுக்கப்பட்ட அக்கோயிலின் பெரும்பகுதி 11ஆம் நூற்றாண்டில், கெமர் மன்னன் முதலாம் சூர்யவர்மன் காலத்தில் கட்டப்பட்டது. நம் இராசேந்திர சோழனும் அவனும் ஒரே காலத்தவர்கள். காம்போச மன்னன் சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடுகள் கூறுவதைத் தாங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். மேற்கே உள்ள தா முவென் தோம் கோயிலில் இயற்கைப் பாறையே இலிங்கமாக வழிபடப்பட்டது. அதன் அருகிலேயே ஏழாம் ஜெயவர்மன் காலத்து ஆரோக்கியசாலை ஒன்றும், அங்கோரிலிருந்து பீமாய் செல்லும் பெருவழியில் வழிப்போக்கர் தங்கிய தர்மசாலை ஒன்றும் இடிபாடுகளாக நிற்கின்றன. தா கிரபேய் என்று கம்போடியரும் தா குவாய் என்று தாய்லாந்தினரும் அழைக்கும் மூன்றாவது கோயிலின் பெயருக்கு இரு மொழிகளிலும் எருமை என்றே பொருள். பெயரில்கூடச் சண்டையில்லை; இடத்தில்தான் சண்டை.

எல்லையை வகுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கம்போடியா அவர்கள் ஆட்சியில் இருந்தபோது, 1904ஆம் ஆண்டு சயாமோடு (இன்றைய தாய்லாந்து) செய்த உடன்படிக்கை, மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் முகடே எல்லை என்று கூறியது. நிலத்தை அளந்து படம் வரைந்த பிரெஞ்சு அதிகாரிகளோ, பிரே விகார் அருகே அந்த முகட்டை விட்டு விலகி, கோயில் கம்போடியாவுக்குள் விழுமாறு கோடு போட்டார்கள். பாரிசில் அச்சாகி 1908இல் வந்த அப்படங்களைச் சயாம் அரசு மறுப்பின்றிப் பெற்றுக்கொண்டதோடு, இன்னும் சில படிகள் வேண்டும் என்றும் கேட்டது. 1930இல் சயாம் இளவரசர் தம்ரோங் கோயிலைக் காணச் சென்றபோது, பிரெஞ்சு அதிகாரி தம் நாட்டுக் கொடியேற்றிச் சீருடையோடு வரவேற்றார். இளவரசர் அதற்கும் மறுப்பேதும் கூறவில்லை.

பிரெஞ்சுக்காரர் வெளியேறியபின் 1954இல் தாய்லாந்துப் படை கோயிலில் காவல் வைத்தது. கம்போடியா 1959இல் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் டீன் அச்செசன் கம்போடியாவுக்காக வாதாடினார். 1962 ஜூன் 15ஆம் தேதி 9 நீதிபதிகள் கம்போடியாவின் பக்கமும் 3 பேர் எதிராகவும் நின்று தீர்ப்பளித்தனர். தீர்ப்பின் சாரத்தை நம் மொழியில் மூன்றே சொற்களில் சொல்லலாம்: மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. ஐம்பது ஆண்டுகள் வாய்திறக்காமல் இருந்துவிட்டு, படம் பிழையானது என்று இப்போது சொல்வது செல்லாது என்றது நீதிமன்றம். தாய்லாந்து வீரர்கள் தங்கள் கொடியை இறக்க மனமின்றி, பறக்கும் கொடியோடு கம்பத்தையே பெயர்த்து எதிர்க் குன்றுக்குத் தூக்கிச் சென்றார்கள். அந்தக் கம்பத்தின் கதையை அறியாமல் இன்றைய தாய்லாந்தின் மனநிலையை விளங்கிக்கொள்ள முடியாது. தாய்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் இருவகை இழப்புகளைப் படித்து வளர்கிறார்கள். 1767இல் நம் பர்மியப் படைகள் அயுத்தியாவை அழித்தது ஒன்று. பிரெஞ்சுக்காரரிடம் கைவிட நேர்ந்த நிலங்கள் மற்றொன்று.

கேள்வி: நீதிமன்றம் இருமுறை தீர்ப்பளித்தும் 2025இல் போர் மூண்டது ஏன்? யார் முதலில் சுட்டார்கள்?
(கல்லூரி மாணவர், யாங்கூன்)

1962இன் தீர்ப்பு கோயிலைப் பற்றியது; சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி அது விரிவாகப் பேசவில்லை. 2008இல் யுனெஸ்கோ அக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றதும், அருகிலுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் நிலத்துக்காக மோதல்கள் தொடங்கி 2011 வரை நீடித்தன. 2013இல் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்கு விளக்கம் கூறி, கோயில் நிற்கும் மலைமூக்கு முழுவதும் கம்போடியாவுக்கே உரியது என்றது. ஆயினும் தா முவென் தோம், தா கிரபேய் போன்ற இடங்கள் எந்தத் தீர்ப்புக்குள்ளும் வரவில்லை. 2025இல் நெருப்புப் பிடித்த இடங்கள் பெரும்பாலும் அவைதாம்.

அவ்வாண்டு மே 28ஆம் தேதி, லாவோசும் சேர்ந்து மூன்று நாடுகளின் எல்லை சந்திக்கும் பகுதியில் நடந்த சிறு மோதலில் கம்போடிய வீரர் ஒருவர் இறந்தார். ஜூன் மாதம் கம்போடியா நான்கு இடங்களைக் குறிப்பிட்டு மீண்டும் ஹேக் நீதிமன்றத்தை நாடியது. தாய்லாந்து அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை 1960க்குப் பிறகு ஏற்கவில்லையாதலால் அம்முயற்சி அங்கேயே நின்றது. அப்போது தாய்லாந்தின் பிரதமராயிருந்த பேதோங்தார்ன் ஷினவத்ரா, கம்போடியாவின் மூத்த தலைவர் ஹுன் சென்னை உறவுமுறை சொல்லி அழைத்துத் தொலைபேசியில் பேசியதும், தம் நாட்டுப் படைத்தளபதி ஒருவரையே எதிரணியாளர் என்று குறிப்பிட்டதும் ஒலிப்பதிவாக வெளியே கசிந்தன. இரு குடும்பங்களுக்கும் நெடுநாள் நட்பு உண்டு. அவருடைய தந்தை தக்சின் 2009இல் கம்போடிய அரசின் பொருளாதார ஆலோசகராகவே நியமிக்கப்பட்டவர். அந்த நட்பு முறிந்ததோடு பிரதமரின் பதவியும் போயிற்று: ஜூலை 1ஆம் தேதி இடைநீக்கம், ஆகஸ்ட் 29ஆம் தேதி பதவிநீக்கம். எல்லையில் நிதானம் காட்டும் எந்த அரசியல்வாதியும் துரோகியாகக் கருதப்படும் நிலையை அந்த ஒலிப்பதிவு உண்டாக்கியது என்பது என் கருத்து.

ஜூலை 16, 23 ஆகிய நாட்களில் கண்ணிவெடிகளில் சிக்கித் தாய்லாந்து வீரர்கள் கால்களை இழந்தனர். தாய்லாந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. மறுநாள் 24ஆம் தேதி காலை தா முவென் தோம் அருகே சண்டை தொடங்கியது. முதலில் சுட்டவர் மற்றவரே என்று இரு தரப்பும் கூறுகின்றன. அதன்பின் நடந்ததில் ஐயமில்லை. கம்போடியாவின் பிஎம்-21 ராக்கெட்டுகள் சிசாகெட் மாகாணத்தில் பெட்ரோல் நிலையம் ஒன்றின் கடைமீது விழுந்து பொதுமக்கள் இறந்தனர். சூரின் மாகாணத்தில் மருத்துவமனை ஒன்றும் சேதமடைந்தது. தாய்லாந்தின் எஃப்-16 விமானங்கள் கம்போடியப் படைநிலைகள்மீது குண்டு வீசின. ஐந்து நாட்களில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 3 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

கேள்வி: இரண்டு நாடுகளில் எதன் படை வலியது?
(வாசகர், பியாப்பன்)

தாய்லாந்தின் படை. அதில் ஏறத்தாழ 3,60,000 பேர், கம்போடியாவில் 1,24,000 பேர். தாய்லாந்திடம் அமெரிக்காவின் எஃப்-16 விமானங்களும் சுவீடனின் கிரிப்பன் விமானங்களும் உள்ளன. கம்போடியாவிடம் போர் விமானமே இல்லை. அதனால்தான் அது ராக்கெட்டுகளை நம்புகிறது. ஒரே வண்டியிலிருந்து 40 குழாய்களில் கிளம்பும் அவை குறிபார்த்து விழுவன அல்ல. வயலும் பள்ளியும் படைமுகாமும் அவற்றுக்கு ஒன்றே.

கேள்வி: இப்போரை நிறுத்தியது தாமே என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கூறுகிறார். நிறுத்தியிருந்தால் டிசம்பரில் அது மீண்டும் மூண்டது எப்படி?
(அரிசி வணிகர், பீகு)

தாங்கள் வணிகர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் இரு நாட்டுச் சரக்குகள்மீதும் 36 விழுக்காடு வரி விதிக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்திருந்தது. சண்டையின் மூன்றாம் நாளில் டிரம்ப் இரு தலைவர்களோடும் தொலைபேசியில் பேசி, போர் நடக்கும்வரை வணிகப் பேச்சு இல்லை என்றார். இரு நாடுகளுக்கும் அமெரிக்கா பெரிய சந்தை. ஆகவே அந்தச் சொல் குண்டைவிட வேகமாக வேலை செய்தது. ஜூலை 28ஆம் தேதி, தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் தலைமைப் பொறுப்பில் இருந்த மலேசியாவின் பிரதமர் அன்வார் இப்ராஹிம், கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட்டையும் தாய்லாந்தின் பொறுப்புப் பிரதமர் பும்தாம் வெச்சயாசாயையும் புத்ராஜெயாவில் சந்திக்கவைத்தார். அமெரிக்கத் தூதரும் சீனத் தூதரும் உடனிருந்தனர். அன்று நள்ளிரவில் சுடுதல் நின்றது. வரி 19 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே டிரம்பின் கூற்றில் உண்மை இருக்கிறது. மேசையைப் போட்டவர் அன்வார் என்பதைச் சேர்த்துச் சொன்னால் அது முழுமையாகும்.

அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூர் ஆசியான் மாநாட்டில் டிரம்பின் முன்னிலையில் இரு பிரதமர்களும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். கனரக ஆயுதங்களைப் பின்வாங்குவது, கண்ணிவெடிகளை அகற்றுவது, தாய்லாந்து பிடித்துவைத்திருந்த 18 கம்போடிய வீரர்களை விடுவிப்பது ஆகியன அதில் இருந்தன. எல்லைக்கோடு எங்கே என்பது அதில் இல்லை.

நவம்பர் 10ஆம் தேதி இன்னொரு கண்ணிவெடி வெடித்துத் தாய்லாந்து வீரர் ஒருவர் பாதத்தை இழந்தார். அது புதிதாகப் புதைக்கப்பட்டது என்றது தாய்லாந்து. பழைய போர்களின் எச்சம் என்றது கம்போடியா. இரு நாடுகளும் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையை ஏற்றவை என்பதால் இந்தக் குற்றச்சாட்டு எளிதானதன்று. தாய்லாந்தின் புதிய பிரதமர் அனுதின் சார்ன்விரகுல் உடன்பாட்டை நிறுத்திவைத்தார். டிசம்பர் 8ஆம் தேதி மீண்டும் விமானங்கள் பறந்தன. 12ஆம் தேதி இரு தரப்பும் போரை நிறுத்தச் சம்மதித்ததாக டிரம்ப் அறிவித்தார்; குண்டுகள் நிற்கவில்லை. அதே நாளில்தான் அனுதின் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்கு வழிவிட்டார். தேர்தலை நோக்கி நிற்கும் ஒருவருக்கு வெளிநாட்டு வரியைவிட உள்ளூர் வாக்கு பெரிதாகத் தெரிவது இயல்பு. வணிக நெருக்கடி துப்பாக்கியை ஒருமுறை தாழ்த்தவைக்கும். நிலத்தை அளக்கும் வேலையை அது செய்யாது.

இருபது நாட்கள் நடந்த இரண்டாம் சண்டையில் இருபுறமும் ஏறத்தாழ 100 பேர் இறந்தனர். இடம்பெயர்ந்தோர் 5 லட்சத்துக்கும் மேல். பிரே விகார் கோயிலும் சேதமுற்றது.

கேள்வி: தாய்லாந்து இராணுவம் விஷ்ணு சிலையை இடித்ததாகக் கைப்பேசியில் படம் வந்தது. அது பழைய கெமர் சிலையா?
(கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், யாங்கூன்)

இல்லை, ஐயா. அது பழைய கோயிலைச் சேர்ந்ததன்று; 2014இல் கம்போடியத் தரப்பில் எல்லையோரமாக எழுப்பப்பட்டது. டிசம்பர் 22ஆம் தேதி மண்வாரி எந்திரத்தால் அதைத் தகர்த்த காட்சி பரவியதும் இந்திய வெளியுறவு அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது. பதிவுபெற்ற வழிபாட்டிடம் அன்று, தம் நிலத்தை மீளப் பெறும் நடவடிக்கையே என்பது தாய்லாந்தின் விளக்கம். எல்லை வழக்குள்ள இடத்தில் தெய்வத் திருவுருவை எழுப்புவதும் சில வேளைகளில் கொடி நடுவதற்கு ஒப்பான செயலே. அதற்காக அதை எந்திரம் வைத்து இடிப்பது தகுமென்று ஆகிவிடாது. பாங்காக் அரண்மனை அந்தணர்கள் மார்கழியில் நம் திருவெம்பாவையின் பெயரை இன்றும் தாங்கிய சடங்கை நடத்திவரும் நாடு அது என்பதால், நம்மவர் மனம் கூடுதலாக நொந்தது எனக்கும் தெரியும்.

கேள்வி: என் மகன் மகாச்சாயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இந்தப் போரால் அவனுக்கு ஆபத்து உண்டா?
(இல்லத்தரசி, மோல்மீன்)

கவலை வேண்டாம், அம்மா. மகாச்சாய் பாங்காக்குக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கிறது. சண்டை நடந்தது கிழக்கு எல்லையில். வேலையைப் பொறுத்தவரை நிலைமை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. எல்லை வாயில்கள் மூடப்பட்டு, பல லட்சம் கம்போடியத் தொழிலாளர் ஊர் திரும்பிவிட்டதால், தாய்லாந்தின் தோட்டங்களிலும் கட்டுமானத்திலும் கடும் ஆள்பற்றாக்குறை ஏற்பட்டது. இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவரவும், தாய்லாந்துப் பக்கம் நம் எல்லையோரத்து ஒன்பது அகதி முகாம்களில் இருப்போர் முறைப்படி வெளியே வேலை செய்யவும் ஆகஸ்ட் மாதம் அந்நாட்டு அமைச்சரவை இசைந்தது. 1980களிலிருந்து முகாம் வேலிக்குள் இருந்தவர்களுக்கு வேறொரு நாட்டோடு நடந்த சண்டை கதவைத் திறந்துவிட்டது. தங்கள் மகனை அனுமதிச் சீட்டின் காலக்கெடுவை மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நாமும் ஆசியான் உறுப்பினர்தானே? உறுப்பினர்கள் இருவர் அடித்துக்கொள்ளும்போது அந்த அமைப்பு என்னதான் செய்கிறது?
(மருந்துக்கடை உரிமையாளர், யாங்கூன்)

1976இல் பாலியில் கையொப்பமான நட்புறவு உடன்படிக்கை, உறுப்பினர் சச்சரவைத் தீர்க்க உயர்மன்றம் ஒன்றை அமைக்கலாம் என்கிறது. அம்மன்றம் இன்றுவரை ஒருமுறைகூடக் கூடியதில்லை. 2011இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் இச்சிக்கலை ஆசியானிடம் விட்டபோது, இந்தோனேசியா பார்வையாளர்களை அனுப்ப முன்வந்தது. தாய்லாந்து இராணுவம் இசையாததால் அவர்கள் போகவில்லை. அதோடு ஒப்பிட்டால் 2025இல் மலேசியா தலைமையில் பார்வையாளர் குழு எல்லைக்குச் சென்றதை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். டிசம்பர் 22ஆம் தேதி வெளியுறவு அமைச்சர்களின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியதும் மலேசியாதான். 2026ஆம் ஆண்டுக்கான தலைமை முறைப்படி நம் மியான்மருக்கு வந்திருக்க வேண்டியது. அது பிலிப்பீன்சுக்கு மாற்றப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே இனி மணிலாதான் இதைச் சுமக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்போடியா எப்போதும் வழக்கை வெளியே கொண்டுபோகிறது: ஹேக், ஐ.நா., வாஷிங்டன். தாய்லாந்து எப்போதும் இருவர் மட்டும் பேசுவோம் என்கிறது. சிறியவனுக்கு ஊர்ப்பஞ்சாயத்து வேண்டும், பெரியவனுக்குத் திண்ணைப் பேச்சே போதும். எந்த இடத்தில் பேசுவது என்பதே பாதிச் சண்டையாகிவிடுகிறது.

கேள்வி: டிசம்பர் 27 உடன்பாடு நிலைக்குமா?
(மேற்கண்ட மாணவரும் வேறு மூவரும்)

அன்று சந்தாபுரி எல்லைச் சாவடியில் இரு பாதுகாப்பு அமைச்சர்களும், அதாவது தாய்லாந்தின் நத்தபோன் நார்க்பானித்தும் கம்போடியாவின் தியா சேய்ஹாவும், கையொப்பமிட்டு நண்பகல் முதல் போரை நிறுத்தினர். 72 மணி நேரம் அமைதி நிலைத்தால் 18 வீரர்களும் விடுவிக்கப்படுவர் என்ற வாக்கின்படி, ஐந்து மாதச் சிறைவாசத்துக்குப் பின் அவர்கள் டிசம்பர் 31ஆம் தேதி வீடு திரும்பினர். இடையில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ இரு நாட்டு அமைச்சர்களையும் யுன்னானுக்கு வரவழைத்துப் பேசினார். மேடையும் விளக்கும் இன்றி, போரிட்ட இருவரே எல்லையில் அமர்ந்து செய்துகொண்டதால், கோலாலம்பூர் அறிக்கையைவிட இது சற்று உறுதியானதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. படைகள் அன்று நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும் என்பது உடன்பாடு. டிசம்பரில் முன்னேறியது தாய்லாந்து. ஆகவே நிற்பது அதற்கு ஆதாயம். கம்போடியாவுக்கு அதுவே இழப்பு. சோக் சேய் கிராமத்தில் தாய்லாந்துப் படை சரக்குக் கொள்கலன்களை அடுக்கி முள்வேலி கட்டிவிட்டதாகக் கம்போடியா புத்தாண்டிலேயே முறையிட்டிருக்கிறது. அது தன் நிலமே என்கிறது தாய்லாந்து.

இனிச் செய்ய வேண்டியது, 2000ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டபடி, கூட்டு எல்லைக் குழு நிலத்தில் நடந்து கோட்டை அளப்பதுதான். கம்போடியா கையில் வைத்திருப்பது பிரெஞ்சுக்காரரின் 2,00,000இல் ஒன்று அளவுப் படம். தாய்லாந்து நம்புவது தன் 50,000இல் ஒன்று அளவுப் படம். முதல் படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் இழுத்த கோடு நிலத்தில் 200 மீட்டர் அகலம் பெறும். தா முவென் தோம் கோயிலின் பிராகாரம் அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். பிரெஞ்சுக் காலத்தில் நட்ட 73 எல்லைக்கற்களும் மலைமுகட்டின் கிழக்குப் பகுதியில் இல்லை. கற்கள் இருக்கும் பகுதியிலாவது வேலையைத் தொடங்கலாம் என்று, 42ஆம் கல்லுக்கும் 47ஆம் கல்லுக்கும் இடையே தற்காலிகக் குறிகள் நட அக்டோபரில் இரு தரப்பும் இசைந்தன. நவம்பர் 12ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் கம்போடியர் ஒருவர் இறந்ததும், இப்போது கொள்கலன்கள் நிற்பதும் அந்த இரு கற்களுக்கு இடையில்தான்.